உப்பில் வளரும் ஈஸ்ட் மருந்துக்கு மசியுமா? ஆய்வகத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

"இந்த ஈஸ்ட் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்துக்கு மசியவில்லை" என்று ஒரு அறிக்கை சொன்னால், எந்த வளர்ப்பு ஊடகத்தில், எவ்வளவு உப்பில், எத்தனை டிகிரியில் மசியவில்லை என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். மருந்து எதிர்ப்பு என்பது செல்லின் மரபணுவில் மட்டும் எழுதி வைத்த குணம் இல்லை. அந்தச் செல் அப்போது எந்தச் சூழலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் அதில் பாதி. உப்பு அப்படிப்பட்ட ஒரு சூழல். கடற்கரை மண்ணில், வியர்வையில், சிறுநீரில், ஊறுகாய் ஜாடியில் என்று ஈஸ்ட் வாழும் இடங்களில் உப்பின் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது.

இந்தச் சோதனையை ஒரு சாதாரணக் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம். விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஆனால் கட்டுப்பாட்டுக் குழிகளில், அதாவது ஒப்பிடுவதற்காக மருந்தோ செல்லோ போடாமல் வைக்கும் குழிகளில், கவனம் பிசகினால் உப்பு செய்த வேலையை மருந்தின் கணக்கிலும், மருந்து செய்ததை உப்பின் கணக்கிலும் எழுதிவிடுவோம். இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

முதலில்: செல்லுக்குள் என்ன நடக்கிறது

பைப்பெட்டைத் தொடுவதற்கு முன் இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படித்துவிடுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு படிக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

உப்புத் தூவிய மாங்காய்த் துண்டு நீர் விடுவது போல, உப்பு கூடிய ஊடகத்தில் போட்ட ஈஸ்ட் செல்லும் நீரை இழந்து சுருங்குகிறது. சில நிமிடங்களுக்குள் ஹாக்1 என்ற புரதம் விழித்துக்கொண்டு உட்கருவுக்குள் போய், கிளிசரால் தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. கிளிசரால் வெளியேறும் வாயிலான எஃப்.பி.எஸ்.1 மூடிக்கொள்கிறது. உள்ளே கிளிசரால் சேரச் சேர நீர் திரும்புகிறது, செல் பழைய பருமனுக்கு வருகிறது. 0.4 மோலார் அளவிலான மிதமான உப்பில் இந்த முதல் பதற்றம் சுமார் அரை மணி நேரத்தில் தணிந்துவிடும்.

இது நீர் சம்பந்தப்பட்ட பாதி. இன்னொரு பாதி சோடியம். சோடியம் அயனி உள்ளே கூடினால் அதுவே நஞ்சு. அதை வெளியே தள்ள ஈனா1 என்ற பம்ப் இருக்கிறது. அந்தப் பம்பின் மரபணுவை இயக்கும் வழிகளில் முக்கியமானது கால்சிநியூரின் என்ற நொதி. கால்சியம் சமிக்ஞையால் அது விழித்து, சிஆர்இசட்1 என்ற புரதத்தை உட்கருவுக்கு அனுப்புகிறது.

இப்போது மருந்துப் பக்கம். ஃப்ளூகோனசோல், எர்க்11 என்ற நொதியைத் தடுக்கிறது. ஈஸ்டின் செல் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெரால் தயாரிப்பு அதனால் நின்றுபோகிறது. அதோடு எர்க்3 நொதியின் வழியாக நச்சுத்தன்மையுள்ள ஒரு ஸ்டெராலும் சேர்கிறது. ஈஸ்ட் இதைப் பல வழிகளில் சமாளிக்கும். பி.டி.ஆர்.5 என்ற பம்பால் மருந்தை வெளியே இறைக்கலாம். எர்க்3-ஐ இழந்து நச்சு ஸ்டெராலைத் தவிர்க்கலாம். கால்சிநியூரினை இயக்கி நெருக்கடியைத் தாக்குப்பிடிக்கலாம். கால்சிநியூரினை அடக்கும் சைக்ளோஸ்போரின், எஃப்.கே.506 போன்ற மருந்துகளைச் சேர்த்தால், வெறுமனே வளர்ச்சியை நிறுத்தும் ஃப்ளூகோனசோல், நோய் உண்டாக்கும் ஈஸ்டான கேண்டிடா அல்பிகன்ஸைக் கொல்லும் மருந்தாகவே மாறிவிடுகிறது. அந்த நொதிக்கு இதில் அவ்வளவு பங்கு.

இரண்டு பாதைகளும் சந்திக்கும் இடங்களைக் கவனியுங்கள். உப்பு கால்சிநியூரினை எழுப்புகிறது. மருந்தைத் தாங்கவும் அதே கால்சிநியூரின்தான் வேண்டும். அந்த வகையில் உப்பு செல்லை மருந்துக்கு முன்கூட்டியே தயார்படுத்தலாம். மறுபுறம், உப்பு அதிர்ச்சியில் ஹாக்1, மாட்3, ராக்ஸ்1 ஆகிய புரதங்களின் வழியாக எர்கோஸ்டெரால் தயாரிப்பு மரபணுக்களே அடக்கப்படுகின்றன. இது 2011-ல் வெளியான ஆய்வு காட்டிய விஷயம். ஏற்கெனவே உற்பத்தியைக் குறைத்திருக்கும் செல்லில், அதே உற்பத்தியைத் தடுக்கும் மருந்து விழுந்தால் அடி பலமாக விழலாம். ஆக, கூட்டும் வழியும் இருக்கிறது, குறைக்கும் வழியும் இருக்கிறது. எந்த உப்பு அளவில் எது மேலோங்குகிறது என்பதை அளந்துதான் பார்க்க வேண்டும்.

எந்த ஈஸ்ட், எந்த மருந்து

பேக்கர்ஸ் ஈஸ்ட் என்கிற சாக்கரோமைசிஸ் செரிவிசியே போதும். அதன் ஆய்வக ஸ்ட்ரெய்னான (ஒரே இனத்துக்குள் உள்ள தனி வகை) பி.ஒய்.4741 கிடைத்தால் நல்லது. இந்த இனத்தின் மரபணுத் தொகுதி 1996-லேயே முழுக்கப் படிக்கப்பட்டது. ஒவ்வொரு மரபணுவாக நீக்கிய ஸ்ட்ரெய்ன்களின் தொகுப்பும் இதே குடும்பத்தில் இருக்கிறது. மளிகைக் கடைப் பாக்கெட் ஈஸ்ட் கை பழகுவதற்குச் சரி. ஆனால் பிராண்டுக்குப் பிராண்ட் ஸ்ட்ரெய்ன் வேறு என்பதால் வந்த எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிட முடியாது.

ஸ்ட்ரெய்னின் பெயரைக் கட்டாயம் எழுதி வையுங்கள். உப்பு விஷயத்தில் இது சம்பிரதாயம் இல்லை. பி.ஒய்.4741-இன் மூதாதையான எஸ்288சி-யில் ஈனா பம்பு மரபணு வரிசையாகப் பல பிரதிகளாக இருக்கிறது. பல ஆய்வகங்கள் பயன்படுத்தும் சென்.பி.கே. குடும்பத்தில் அதற்குப் பதில் ஈனா6 என்ற ஒரே மரபணு. அந்த ஸ்ட்ரெய்ன் சோடியத்துக்குச் சீக்கிரம் துவண்டுவிடும். ஒரே இனம்தான், ஆனால் உப்புக் கணக்கு வேறு.

நோய் உண்டாக்கும் கேண்டிடா வகைகளைப் புதியவர்கள் தொட வேண்டாம். கேண்டிடா ஆரிஸ் பக்கம் போகவே கூடாது. அதற்கு உரிய உயிர்ப்பாதுகாப்பு வசதியும், பயிற்சி பெற்ற மேற்பார்வையாளரும் வேண்டும்.

மருந்து தேர்வில் ஒரு பொறி இருக்கிறது. சில மருந்துகளை உப்பே கெடுத்துவிடும். மருத்துவமனையில் வழக்கமான ஆம்போடெரிசின் பி ஊசி மருந்தைச் சலைனில் கலக்கக் கூடாது, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும் என்பது விதி; உப்பு பட்டால் அது திரிந்து படிந்துவிடும். ஸியோசின் என்ற மருந்து அயனிச் செறிவு கூடிய ஊடகத்தில் வீரியம் இழக்கும். ஜி418 மருந்தை அமோனியம் சல்ஃபேட் உள்ள ஊடகத்தில் போட்டால் சரியாக வேலை செய்யாது என்பதால், ஈஸ்ட் ஆய்வகங்களில் அதற்குப் பதில் மோனோசோடியம் குளுட்டமேட் சேர்ப்பது வழக்கம். இந்த மருந்துகளை வைத்து உப்புச் சோதனை செய்து "எதிர்ப்பு கூடிவிட்டது" என்று எழுதினால், மாறியது மருந்தா, செல்லா என்று சொல்ல வழியில்லை. ஃப்ளூகோனசோல் மின்னூட்டம் இல்லாத சிறிய மூலக்கூறு. இந்தத் தொல்லை அதில் குறைவு. அதையே எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடை மாத்திரையைப் பொடித்துப் போட வேண்டாம், அதில் நிரப்புப் பொருள்கள் இருக்கும். ஆய்வகத் தரத் தூளே வாங்குங்கள்.

படி 1: ஊடகம் தயாரித்தல்

அடிப்படை ஊடகம் ஒய்.பி.டி.: 1 சதவீதம் ஈஸ்ட் சாறு, 2 சதவீதம் பெப்டோன், 2 சதவீதம் குளுக்கோஸ். ஒவ்வொரு உப்பு அளவுக்கும் தனித்தனியாக எடை போட்டால் ஒன்றுக்கொன்று வேறுபாடு வந்துவிடும். அதனால் நான்கு கரைசல்களைத் தனியாகச் செய்து வைத்துக்கொண்டு கலப்பதுதான் சுலபம்.

இரட்டிப்புச் செறிவு ஒய்.பி.: 10 கிராம் ஈஸ்ட் சாறு, 20 கிராம் பெப்டோன், மொத்தம் 500 மி.லி.
சோடியம் குளோரைடு 5 மோலார்: 29.2 கிராம், மொத்தம் 100 மி.லி.
சார்பிடால் 2.5 மோலார்: 45.5 கிராம், மொத்தம் 100 மி.லி.
குளுக்கோஸ் 40 சதவீதம்: 40 கிராம், மொத்தம் 100 மி.லி.

எல்லாவற்றையும் 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்யுங்கள். குளுக்கோஸைத் தனியாகத்தான் வைக்க வேண்டும். சேர்த்து வைத்தால் ஊடகம் பழுப்பேறும். சமையல் உப்பு வேண்டாம். அதில் அயோடினும் கட்டி சேராமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் இருக்கும்.

100 மி.லி. ஊடகத்துக்கு 50 மி.லி. இரட்டிப்பு ஒய்.பி., 5 மி.லி. குளுக்கோஸ் எப்போதும் உண்டு. மீதி 45 மி.லி.யில்தான் உப்பும் நீரும். 0.25 மோலாருக்கு 5 மி.லி. உப்புக் கரைசலும் 40 நீரும், 0.5-க்கு 10-ம் 35-ம், 0.75-க்கு 15-ம் 30-ம். 1 மோலாருக்கு 20-ம் 25-ம். உப்பில்லாததற்கு முழுக்க நீர். 1 மோலார் சார்பிடால் ஊடகத்துக்கு 40 மி.லி. சார்பிடால் கரைசலும் 5 மி.லி. நீரும்.

சார்பிடால் எதற்கு? சோடியம் குளோரைடு நீரில் இரண்டு அயனிகளாகப் பிரியும், சார்பிடால் பிரியாது. அதனால் 1 மோலார் சார்பிடால் ஏறக்குறைய 0.5 மோலார் உப்பு இழுக்கும் அளவு நீரை இழுக்கும், ஆனால் அதில் சோடியம் இல்லை. இந்த ஒரே வரிசைதான் நீர் இழப்பின் விளைவையும் சோடியத்தின் விளைவையும் பிரித்துக் காட்டும். இது இல்லாத உப்புச் சோதனையை நான் முழுமையானதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அளவு கண்ணில் பிடிபட ஒரு ஒப்பீடு: கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள். ஆக 0.5 மோலார் வரிசை கிட்டத்தட்ட கடல்நீர்ப் பக்கம் வருகிறது. மனித இரத்தத்தில் சோடியம் 0.14 மோலார்தான்.

படி 2: மருந்துக் கரைசல்

ஃப்ளூகோனசோலை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்து, மில்லி லிட்டருக்கு 6.4 மில்லிகிராம் என்று முதல் கரைசல் செய்யுங்கள். அதை டி.எம்.எஸ்.ஓ.விலேயே பாதி பாதியாக நீர்த்து 3.2, 1.6, 0.8, 0.4, 0.2, 0.1 என்று ஏழு குழாய்கள் வரை போங்கள். எட்டாவது குழாயில் வெறும் டி.எம்.எஸ்.ஓ.

ஒவ்வொரு உப்பு ஊடகத்திலும் 294 மைக்ரோலிட்டர் எடுத்து, அதில் 6 மைக்ரோலிட்டர் மருந்துக் கரைசல். இது இரட்டிப்புச் செறிவு. குழியில் செல்களோடு சரிபாதியாகச் சேரும்போது மருந்து மில்லி லிட்டருக்கு 64 மைக்ரோகிராமிலிருந்து 1 வரை இறங்கும், டி.எம்.எஸ்.ஓ. எல்லாக் குழியிலும் ஒரே 1 சதவீதமாக நிற்கும். ஊடகத்தில் நேரடியாக நீர்த்துக்கொண்டே போனால் டி.எம்.எஸ்.ஓ. அளவும் கூடவே குறையும். உப்பால் ஏற்கெனவே தவிக்கும் செல்லுக்கு அந்தச் சிறு வித்தியாசமும் உறைக்கும்.

படி 3: செல்களை எழுப்புதல்

தட்டிலிருந்து ஒரே ஒரு காலனியை எடுத்து, உப்பில்லாத ஒய்.பி.டி.யில் 30 டிகிரியில் இரவு முழுக்கக் குலுக்கி வளர்த்துக்கொள்ளுங்கள். காலையில் 600 நானோமீட்டர் ஒளியில் அளக்கும் ஓ.டி. (செல்கள் கூடக் கூட ஏறும் கலங்கல் அளவு) 0.1 வரும்படி புது ஊடகத்தில் நீர்த்து, 0.4 அல்லது 0.5 வரும்வரை வளர விடுங்கள். நல்ல நிலையில் இந்த ஈஸ்ட் 90 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அதனால் மதியத்துக்குள் தயாராகிவிடும்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். செல்கள் உப்பையும் மருந்தையும் ஒரே நேரத்தில் சந்திக்கப்போகின்றனவா? அல்லது உப்புக்குப் பழகிய பிறகு மருந்தைச் சந்திக்கப்போகின்றனவா? இரண்டும் வேறு வேறு கேள்விகள். மிதமான உப்பில் சிறிது நேரம் இருந்த ஈஸ்ட், அதுவரை கண்டிராத கடுமையான ஹைட்ரஜன் பெராக்ஸைடைக்கூடத் தாங்கும் என்பது நன்கு நிரூபிக்கப்பட்ட விஷயம். ஒரு தொல்லைக்குத் தயாரான செல் இன்னொன்றுக்கும் தயாராகிறது. அதனால் இரண்டு தொகுதிகளாகச் செய்வதுதான் உத்தமம். ஒரு தொகுதியில் உப்பில்லாமல் வளர்ந்த செல்களை நேராகக் குழியில் போடுங்கள். மற்றதில் அந்தந்த உப்பு ஊடகத்திலேயே சில மணி நேரம் வளர்த்து, பிறகு போடுங்கள். நேரம் இல்லையென்றால் இரண்டாவதை மட்டும் செய்யுங்கள். வெளியுலகில் உப்பில் வாழும் ஈஸ்டுக்கு அதுதான் நெருக்கம்.

எப்படியானாலும், குழியில் போடுவதற்கு முன் செல்களை ஓ.டி. 0.01-க்கு நீர்த்துக்கொள்ளுங்கள். கலந்த பிறகு மில்லி லிட்டருக்குச் சுமார் 1 லட்சம் செல்கள் என்ற கணக்கு வரும். நீர்க்கும் ஊடகமும் அந்த வரிசையின் உப்பு ஊடகமாகவே இருக்கட்டும். மருந்தை 1 மோலார் உப்பு ஊடகத்திலும் செல்களை வெறும் ஒய்.பி.டி.யிலும் எடுத்துக் கலந்தால், குழியில் இருப்பது 0.5 மோலார்தான். புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது.

படி 4: 96 குழி பிளேட்டை நிரப்புதல்

ஓரத்துக் குழிகள் 36-ஐயும் விட்டுவிடுங்கள். அவற்றில் வெறும் கிருமி நீக்கிய நீர் ஊற்றுங்கள். ஓரங்களில் நீர் ஆவியாகும். சாதாரணச் சோதனையில் அது சின்னத் தொந்தரவு. இங்கே அப்படி இல்லை, ஏனென்றால் நீர் குறையக் குறைய உப்பும் மருந்தும் சேர்ந்தே செறிவாகும். நீங்கள் அளக்க வந்த இரண்டுமே நகர்ந்துவிடும். மூடியைச் சுற்றி ஒட்டுப்படலம் சுற்றி, ஈரத் துணி வைத்த டப்பாவுக்குள் பிளேட்டை வைத்து இன்குபேட்டரில் வைப்பது நல்ல பழக்கம்.

மிச்சம் உள்ள 60 குழிகள் ஆறு வரிசை, பத்து நெடுக்கம். ஆறு வரிசைக்கும் ஆறு ஊடகம்: 0, 0.25, 0.5, 0.75, 1 மோலார் உப்பு, கடைசியில் சார்பிடால். நெடுக்கத்தில் முதல் எட்டும் மருந்து அளவுகள்: 0, 1, 2, 4, 8, 16, 32, 64. ஒன்பதாவதில் டி.எம்.எஸ்.ஓ.வும் இல்லாத செல்கள். பத்தாவதில் செல் இல்லாத ஊடகம். ஒவ்வொரு குழியிலும் 100 மைக்ரோலிட்டர் மருந்து ஊடகம், 100 மைக்ரோலிட்டர் செல்கள். ஒன்பதாவது நெடுக்கத்தில் மருந்து ஊடகத்துக்குப் பதில் வெறும் உப்பு ஊடகம். பத்தாவதில் இரண்டு பங்கும் அதேதான்.

ஒரு பிளேட் ஒரு தடவைதான். குறைந்தது மூன்று வெவ்வேறு நாள்களில், மூன்று வெவ்வேறு காலனிகளிலிருந்து தொடங்கிச் செய்ய வேண்டும். ஒரே நாளில் ஒரே கல்ச்சரை மூன்று பிளேட்டில் போடுவது அதற்கு ஈடாகாது.

படி 5: அளவெடுத்தல்

30 டிகிரியில் வைத்து 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் ஓ.டி. எடுங்கள். எடுப்பதற்கு முன் குழியில் அடியில் படிந்த செல்களைக் கலக்கிவிட வேண்டும். பிளேட் ரீடரில் (குழிகளின் ஓ.டி.யை அளக்கும் கருவி) தானாகவே 15 நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கும் வசதி இருந்தால் வளர்ச்சிக் கோடே கிடைத்துவிடும்.

நேரம் ஒத்துப்போவது முக்கியம். 1 மோலார் வரிசை மெதுவாகத்தான் வளரும். 24 மணி நேரத்தில் உப்பில்லாத வரிசை வளர்ந்து முடிந்திருக்கும். உப்பு வரிசை பாதி வழியில் இருக்கும். அதனால் மருந்தில்லாத குழி ஒரே ஓ.டி.யைத் தொட்ட நேரத்தில் வரிசைகளை ஒப்பிடுங்கள், கடிகார நேரத்தை வைத்து வேண்டாம்.

இன்னொரு சங்கதி: உப்பில் செல்லின் பருமன் மாறுவதால், அதே எண்ணிக்கைச் செல்கள் வேறு ஓ.டி. காட்டலாம். சில குழிகளிலிருந்து எடுத்து ஹீமோசைட்டோமீட்டரில் (செல் எண்ணும் கட்டமிட்ட கண்ணாடி) எண்ணிச் சரிபார்த்துவிடுங்கள்.

படி 6: கணக்கு

செல் இல்லாத ஊடகத்தின் ஓ.டி.யை அந்தந்த வரிசையிலேயே கழித்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு குழியையும் அதே வரிசையின் மருந்தில்லாத குழியால் (முதல் நெடுக்கம்) வகுங்கள். உப்பில்லாத வரிசையால் வகுக்கக் கூடாது.

கணக்குக்காக ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். உப்பில்லாத வரிசையில் மருந்தில்லாமல் 1.20, 16 மைக்ரோகிராமில் 0.60. 0.5 மோலார் வரிசையில் மருந்தில்லாமல் 0.90, அதே மருந்தில் 0.60. 1 மோலார் வரிசையில் மருந்தில்லாமல் 0.40, மருந்தோடு 0.20. வெறும் எண்களைப் பார்த்தால், முதல் இரண்டு வரிசையும் ஒன்று, 1 மோலாரில் உப்பும் மருந்தும் சேர்ந்து போட்டுத் தாக்கியிருக்கிறது என்று தோன்றும். வகுத்துப் பாருங்கள்: 50 சதவீதம், 67 சதவீதம், 50 சதவீதம். 0.5 மோலாரில்தான் மருந்து உண்மையில் வலுவிழந்திருக்கிறது. 1 மோலாரில் மருந்தின் வேலை உப்பில்லாத இடத்தில் செய்த அதே வேலைதான். செல்கள் குறைந்தது உப்பால்.

இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றனவா என்று பார்க்க ப்ளிஸ் முறை எளிது. உப்பு மட்டும் விட்டுவைத்த பங்கை மருந்து மட்டும் விட்டுவைத்த பங்கால் பெருக்குங்கள். மேலே உள்ள உதாரணத்தில் 1 மோலார் உப்பு 0.33 பங்கை விடுகிறது, மருந்து 0.5 பங்கை விடுகிறது; பெருக்கினால் சுமார் 0.17. சேர்த்துப் போட்டபோது கிடைத்ததும் 0.20-ஐ 1.20-ஆல் வகுத்தால் 0.17. அதாவது அவை தத்தம் வேலையைத் தனித்தனியே செய்திருக்கின்றன. கிடைத்த எண் இதைவிட நன்றாகக் குறைந்தால் கூட்டுத் தாக்குதல். நன்றாகக் கூடினால் ஒன்று இன்னொன்றின் கையைக் கட்டுகிறது.

படி 7: நின்றதா, செத்ததா

ஃப்ளூகோனசோல் பெரும்பாலும் வளர்ச்சியை நிறுத்துமே தவிரக் கொல்லாது. உப்பு அதைக் கொல்லும் மருந்தாக மாற்றுகிறதா என்பதை ஓ.டி. சொல்லாது. 48 மணி நேரம் கழித்து, வளராத குழிகளிலிருந்து எடுத்துப் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, உப்பும் மருந்தும் இல்லாத ஒய்.பி.டி. தட்டில் 5 மைக்ரோலிட்டர் பொட்டுகளாக வையுங்கள். இரண்டு நாளில் காலனி வந்தால் செல்கள் உயிரோடுதான் இருந்திருக்கின்றன.

பிளேட் ரீடர் இல்லாதவர்கள் முழுச் சோதனையையும் இந்தப் பொட்டு முறையிலேயே செய்யலாம்: உப்பும் மருந்தும் கலந்த அகர் தட்டுகளில் பொட்டு வைத்துப் படம் எடுப்பது. 25 மைக்ரோகிராம் ஃப்ளூகோனசோல் ஊறிய காகித வில்லையைத் தட்டில் வைத்து, அதைச் சுற்றி ஈஸ்ட் வளராத வட்டத்தை அளக்கும் முறையும் உண்டு. ஆனால் மெதுவாக வளரும் செல்களில் வட்டம் தானாகவே பெரிதாகும் என்பதால், உப்புச் சோதனைக்கு அதை நம்ப நான் சொல்ல மாட்டேன்.

முடிவைப் படிப்பது

0.5 மோலார் உப்பு வரிசையையும் சார்பிடால் வரிசையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் மருந்தின் விளைவு ஒரே மாதிரி மாறியிருந்தால் காரணம் நீர் இழப்பு. ஹாக்1 பக்கம் தேடுங்கள். உப்பில் மட்டும் மாறியிருந்தால் அயனிகள். சோடியமா, பொதுவான அயனிச் செறிவா என்று பிரிக்க, அடுத்த சுற்றில் 0.5 மோலார் பொட்டாசியம் குளோரைடு வரிசை சேர்க்கலாம்; 100 மி.லி.க்கு 3.7 கிராம்.

பிறகு மரபணு நீக்கிய ஸ்ட்ரெய்ன்கள். ஹாக்1 இல்லாதது, கால்சிநியூரினின் துணை அலகான சி.என்.பி.1 இல்லாதது, பி.டி.ஆர்.5 இல்லாதது என்று மூன்று போதும். உப்பின் விளைவு எந்த ஸ்ட்ரெய்னில் காணாமல் போகிறதோ அந்தப் பாதையில்தான் விஷயம் இருக்கிறது. முதல் இரண்டும் உப்புக்கே தாங்காதவை. உப்பு வரம்பை அவற்றுக்குத் தகுந்தபடி குறைத்து வையுங்கள். மரபணு நீக்கியதற்குப் பதில் எஃப்.கே.506 சேர்த்துக் கால்சிநியூரினை அடக்கலாமே என்று தோன்றும். அந்த மருந்தும் பி.டி.ஆர்.5 பம்பு வழியாகவே வெளியேறுகிறது. ஃப்ளூகோனசோலோடு சேர்த்துப் போட்டால் கணக்கு குழம்பும்.

எதிர்ப்பு பெற்ற ஸ்ட்ரெய்ன்களை உப்பில் சோதிப்பதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. நிஸ்டாட்டின் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தில் வளர்த்தெடுத்த 35 ஈஸ்ட் வரிசைகளை 2012-ல் முழு மரபணு வாசிப்பில் பார்த்தபோது, எல்லாமே எர்கோஸ்டெரால் பாதையின் கடைசிக்கட்ட நான்கு மரபணுக்களில் ஒன்றில் மாற்றம் பெற்றிருந்தன. மருந்தில்லாத சாதாரண ஊடகத்தில் எல்லாமே ஏதோ ஒரு விலை கொடுத்தன. வேறு கடுமையான சூழல்களில் விட்டபோது, எந்த மரபணு மாறியது என்பதைப் பொறுத்துச் சில தேறின, சில துவண்டன. இதில் எர்க்6 மரபணு உப்புக்காரர்களுக்குப் பழக்கமான பெயர். அது கெட்ட செல்களுக்குள் சோடியமும் லித்தியமும் கூடுதலாக நுழையும் என்பது 1994-லேயே வந்த ஆய்வு. மருந்திலிருந்து தப்பிக்கச் சவ்வை மாற்றிக்கொண்ட செல், அதே மாற்றத்தால் உப்புக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. உங்கள் பிளேட்டில் எதிர்ப்பு ஸ்ட்ரெய்ன் 0.75 மோலாரில் சட்டென்று சரிந்தால், இது நினைவுக்கு வரட்டும்.

ஆய்வகத்துக்கு வெளியே

மருத்துவமனைகளில் பூஞ்சை மருந்துச் சோதனைக்கு ஆர்.பி.எம்.ஐ. 1640 என்ற ஊடகம்தான் தரநிலை. அதில் லிட்டருக்கு 6 கிராம் சோடியம் குளோரைடு, அதாவது 0.1 மோலார். ஒய்.பி.டி.யில் நாம் தனியாக உப்புச் சேர்ப்பதே இல்லை. வெப்பநிலையும் பி.எச். அளவும் வேறு. அதனால் உங்கள் ஒய்.பி.டி. எண்ணை எடுத்து மருத்துவமனை வரம்போடு ஒப்பிட்டு "இந்த ஈஸ்ட் எதிர்ப்புள்ளது" என்று எழுத முடியாது. உங்கள் வரிசைகளை உங்களுக்குள் ஒப்பிடுங்கள்.

ஆனாலும் கேள்வி நிஜ உலகுடையது. 2009-ல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து முதலில் விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ், பல மருந்துகளுக்கு மசியாதது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் உச்ச முன்னுரிமைப் பிரிவில் இருக்கிறது. 10 சதவீத உப்பிலும் அது வளரும், அதாவது 1.7 மோலார், நம் பிளேட்டின் கடைசி வரிசையைவிட மேலே. மற்ற நுண்ணுயிர்களை அடக்கி இதை மட்டும் பிடிக்க, உப்பு மிகுந்த குழம்பில் 40 டிகிரியில் வளர்ப்பதே பயன்பாட்டில் உள்ள முறை. 2021-ல் வெளியான ஆய்வில், அந்தமான் தீவுகளின் உவர் சதுப்பு நிலத்திலும் மணற்கடற்கரையிலும் இது கிடைத்ததாக டெல்லி ஆய்வாளர்கள் காட்டினார்கள். சதுப்பில் கிடைத்தவற்றில் ஒன்று மருந்துகளுக்கு அடங்குவதாகவும், அதிக வெப்பத்தில் மெதுவாக வளர்வதாகவும் இருந்தது. உப்பில் வாழப் பழகுவதும் மருந்தைத் தாங்குவதும் எங்கே ஒன்றையொன்று தொடுகின்றன என்பது இப்படிப்பட்ட இடங்களில்தான் உயிர்ப்பான கேள்வியாகிறது.

முடிந்த பிறகு

மருந்து பட்ட கல்ச்சர் எதையும் தொட்டியில் ஊற்றாதீர்கள். பிளேட்டுகள், பொட்டுத் தட்டுகள், பைப்பெட் முனைகள் எல்லாம் ஆட்டோகிளேவுக்குப் பிறகே குப்பைக்கு. அதிக மருந்தில் வளர்ந்து வந்த காலனிகளைச் சேமிக்க நினைத்தால், கடைசிச் செறிவு 15 முதல் 25 சதவீதம் வரும்படி கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். குழாயின் மேல் ஸ்ட்ரெய்ன், தேதி, மருந்தின் அளவு எழுதுவது எல்லோருக்கும் பழக்கம்தான். எந்த உப்பு வரிசையிலிருந்து எடுத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது இல்லாமல் அந்தக் காலனியை மறுபடி சோதிக்க எந்த ஊடகத்தை எடுப்பது என்று தெரியாது.